காலைச் செய்தியில் விடுபட்ட வாக்கியம்

அன்று காலை சமையலறையில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: அத்தை, அப்பா, நான். அத்தை அப்பாவுக்கு அக்கா, ரேடியோ நிலையத்தில் செய்தியாளர். அவள் எழுதிய செய்தி வரும் நாட்களில் வீட்டில் கரண்டியைக்கூடச் சத்தமாக வைக்கக் கூடாது.

"அடுத்தது என்னுது. யாரும் பேசாதீங்க," என்றாள் அத்தை.

"இப்ப யாரு பேசினா?" என்றார் அப்பா.

"இதோ, இப்ப பேசினியே, அதைத்தான் சொன்னேன்."

ரேடியோவில் வாசிப்பவர் ஆரம்பித்தார். பள்ளிக் குழந்தைகள் பலர் வாந்தி, மயக்கத்துடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பள்ளிக்கு ரொட்டி வழங்கிவந்த பேக்கரிக்குச் சுகாதாரத் துறையினர் சீல் வைத்தனர். ரொட்டி மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன. அதன் பிறகு ஒரு மூச்சு விடும் இடைவெளி. பிறகு வானிலை.

அத்தை கையில் இருந்த டீயைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. மீதியை மறந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோல ரேடியோவைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"

"உன் செய்தி, நீ எங்களைக் கேட்டா?" என்றார் அப்பா.

"இன்னொரு வரி இருக்குடா."

"என்ன வரி அத்தை?" என்று நான் கேட்டேன்.

"பரிசோதனையில ரொட்டியில ஒரு குறையும் இல்லைன்னு தெரிஞ்சு, நேத்து சாயங்காலமே சீலை எடுத்துட்டாங்க. அந்த வரி."

"அதுதானே முக்கியமான வரி?" என்றார் அப்பா.

"தெரியும்."

"முக்கியமானதை எதுக்குக் கடைசியில கொண்டுபோய் வச்சே?"

அத்தை ரேடியோவை நோக்கிக் கையை நீட்டினாள். மேகமூட்டமாக இருக்கும் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது. "இதை வெட்டியிருக்கலாம்," என்றாள். "மேகமா இருக்குன்னு சொல்ல ஒரு ஆளு வேணுமா? யார் வீட்டுலயும் ஜன்னல் இல்லையா?"

"கடை பேரைச் சொல்லலையே. அப்புறம் என்ன?"

"பள்ளிக்கூடத்துக்கு ரொட்டி கொடுக்கிற கடை இங்க எத்தனை இருக்கு?"

"ஒண்ணு," என்றேன் நான். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் நான் இரண்டு மொழிப் பாடங்கள் நடத்துகிறேன்.

அப்போது போன் அடித்தது. அத்தை எடுத்தாள். எதிர்முனையில் பேசியவரின் குரல் அப்பா உட்கார்ந்திருந்த இடம்வரை கேட்டது. பேக்கரிக்காரர்.

"எம்மா, அவங்க நேத்து சீலை எடுத்தாங்க. நீங்க இன்னைக்குக் காலையில திரும்ப வச்சிட்டீங்க."

அத்தை இந்த வேலையில் சேர்ந்தது அப்பாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்னால். செய்திப் பிரிவில் அப்போது அவள் ஒருத்திதான் பெண். அதனால் மலர்க் கண்காட்சி, குழந்தைகள் ஓவியப் போட்டி, தையல் வகுப்புத் திறப்பு என்றே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "பூவைப் பத்தி ரேடியோல என்ன சொல்றது? சிவப்பா இருந்துச்சுன்னு சொன்னா நம்பவா போறாங்க?" என்று இன்றைக்கும் அலுத்துக்கொள்வாள். ஒரு தடவை மலர்க் கண்காட்சிக்குப் போகும் வழியில், அவள் உட்கார்ந்திருந்த பஸ்ஸையே நடுவழியில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் இறங்கிப் போய்விட்டார். வேலைநிறுத்தம். மற்ற பயணிகள் திட்டிக்கொண்டே நடந்தார்கள். இவள் ஓட்டுநரின் பின்னாலேயே பணிமனைக்குப் போய், அங்கே எழுந்த கோஷத்தை எல்லாம் பதிவு செய்துகொண்டு நிலையத்துக்குத் திரும்பினாள். பத்திரிகைகளுக்கு மறுநாள்தான் கிடைத்த செய்தி ரேடியோவில் அன்று மத்தியானமே வந்தது. செய்தி ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "பூ எங்கே?"

அதற்குப் பிறகு நகராட்சிக் கூட்டம், நீதிமன்றம், வெள்ளம், விபத்து என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் போனாள். போன இடத்தில் எல்லாம் ஒரே எரிச்சல். பேசச் சொன்னால் பேச மாட்டார்கள். மைக்கை அணைத்ததும் கொட்டுவார்கள். அதிகாரிகள் "இதைப் போடாதீங்க" என்று ஆரம்பித்துத்தான் எதையும் சொல்வார்கள். வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர்கூட, மைக்கைக் கண்டதும் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைப் பேச்சு பேசுவார். "தண்ணி எப்ப வந்துச்சுன்னு கேட்டா, அனைவருக்கும் வணக்கம்கிறார். நானும் தண்ணியில நிக்கறேன், அவரும் தண்ணியில நிக்கறார், வணக்கம் எதுக்கு?"

முகம் தெரியாத வேலை அது. கடையில் ஏதாவது வாங்கப் போய் வாயைத் திறந்தால் போதும், யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். "நீங்க ரேடியோல பேசுறவங்களா? நான் உங்களை ஒல்லியா நினைச்சுக்கிட்டிருந்தேன்." அத்தைக்கு இது பழகிவிட்டது. பழகாதது இன்னொன்று. உறவுக்காரர்கள் எல்லாருக்கும் அவள்தான் ரேடியோவின் சொந்தக்காரி. பெரியம்மா வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அதைச் செய்தியில் சொல்ல வேண்டும். மாமா கடை திறந்தால் அதைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால், "அவ்வளவு பெரிய ஆளாயிட்டா" என்று பேச்சு. உண்மையில் செய்தியை வாசிப்பவர்கள் வேறு. அவள் எழுதுவாள், சில நாட்களில் சம்பவ இடத்திலிருந்து அவள் குரலில் ஓர் அறிக்கை வரும். இதை அவள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள்.

அந்தக் குரல் அறிக்கைகளில் பாதி எங்கள் வீட்டுத் துணி அலமாரிக்குள் பதிவானவை. நிலையத்துக்குப் போய்ச் சேர நேரம் இருக்காது. அலமாரிக்குள் தலையையும் மைக்கையும் விட்டுக்கொண்டால் தொங்கும் துணிகள் எதிரொலியை உறிஞ்சிவிடுமாம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பெண்மணி அலமாரியிடம் நகராட்சி பட்ஜெட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பாள். அதற்கு முன் ஃபேனை நிறுத்த வேண்டும், ஃபிரிட்ஜை அணைக்க வேண்டும். பதிவு முடிந்ததும் அத்தை அப்படியே கிளம்பிப் போய்விடுவாள். சாயங்காலம் பால் திரிந்திருக்கும். "உன் அத்தை செய்தி சொன்னா, நம்ம வீட்டுக் காபி போச்சு," என்பார் அப்பா.

வேலைப் பழக்கம் வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அப்பா எதையும் ஆதியிலிருந்து சொல்பவர். "நம்ம பெரியப்பா பையன் இருக்கானே, அவன் நேத்து காலையில எழுந்து, ஷேவ் பண்ணிக்கிட்டு..." என்று ஆரம்பிப்பார். அத்தை குறுக்கே கேட்பாள்: "எந்த ஆஸ்பத்திரி?"

"நீ என்ன, முழுசாக் கேட்க மாட்டியா?"

"ஷேவ் பண்ணினதைக் கடைசியில சொல்லு. நேரம் இருந்தா கேக்கறேன்."

ரேடியோச் செய்தி எழுதுகிற முறையே அதுதான். செய்தி அறிக்கைக்கு இவ்வளவு நிமிடம் என்று கணக்கு உண்டு. ஒரு செய்தி நீண்டுவிட்டால் இன்னொன்றின் வாலை நறுக்க வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்தி ஆசிரியர் கையைக் காட்டுவார். வாசிப்பவர் கடைசி வரியை விட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அந்த ஆசிரியருக்கு அத்தை வைத்த பெயர் கத்தரி. அதனால் வால் போனாலும் உயிர் போகாதபடி எழுத வேண்டும். புதிதாக வருகிறவர்கள் தாளை அவளிடம் காட்டினால், அடிப்பக்கத்தை மடித்துவிட்டு, "இப்ப படி, செய்தி இருக்கான்னு பார்" என்பாள்.

அப்படிப்பட்டவள்தான் ரொட்டிச் செய்தியின் உயிரை வாலில் வைத்தாள். காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. முந்தின நாள் மத்தியானமே செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டாள். சாயங்காலம் புதுப் பாலத்தின் திறப்பு விழாவுக்குப் போக வேண்டியிருந்தது. நிலையத்து வண்டி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சுகாதாரத் துறையிலிருந்து போன்: ரொட்டி சுத்தம், சீலை எடுத்தாகிவிட்டது. முழுச் செய்தியையும் மாற்றி எழுத அவகாசம் இல்லை. இருந்த தாளின் அடியில் அந்த ஒரு வரியைப் பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினாள். மறுநாள் காலைச் செய்தியில் பாலத்தைத் திறந்தவரின் பேச்சு நீண்டதால், ரொட்டிச் செய்தியின் வால் போய்விட்டது. அந்தப் பேச்சை ஒலிப்பதிவு செய்து, இவ்வளவும் போடலாம் என்று குறித்துக் கொடுத்தவளும் இவள்தான்.

"என் பாலம் என் ரொட்டியை முழுங்கிடுச்சு," என்றாள் அப்பாவிடம். அதன் பிறகு நாளெல்லாம் யார் என்ன கேட்டாலும் வள்ளென்று விழுந்தாள்.

கத்தரியிடம் போய் நின்றதை வீட்டில் வந்து இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டினாள்.

"நாம சொன்னதுல எது பொய்? சீல் வச்சாங்களா இல்லையா?"

"வச்சாங்க சார். எடுத்துட்டாங்க. எடுத்ததைச் சொல்லலை."

"இன்னைக்கு மத்தியானச் செய்தியில முழுசாப் போட்டோமே?"

"மத்தியானச் செய்தியை யாரு சார் கேக்கறாங்க? நீங்களும் நானும்தான்."

"நான் கேக்கறதில்லை. அது சாப்பாட்டு நேரம்."

காலைச் செய்தியைக் கேட்டவர்களுக்குக் காலையில்தானே சொல்ல வேண்டும் என்றாள் அத்தை. சொன்னது தப்பாக இருந்தால் திருத்தம் போடலாம், சொன்னதெல்லாம் சரியாக இருக்கும்போது எதைத் திருத்துவது என்றார் அவர். கேட்கும்போது எனக்கே தலை சுற்றியது, அவர் சொல்வதும் சரிபோலத்தான் இருந்தது. நிலையத்தின் தலைவர் வரைக்கும் போனாள். அவரும், "உங்க உணர்வு புரியுது. யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

அவர் யோசித்து முடிக்கும்வரை பேக்கரிக்காரர் காத்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து தினமும் காலையில் எங்கள் வீட்டு கேட்டில் ஒரு பை தொங்கியது. உள்ளே விற்காமல்போன ரொட்டி. முதல் நாள் அத்தை பையைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு ஓடினாள். அவர் சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். உடம்பெல்லாம் மாவு, முகத்தில் தூக்கமே இல்லை.

"வச்சுக்குங்க. வாங்கறதுக்கு ஆள் இல்ல. எழுதினவங்களாவது சாப்பிடுங்க."

"நான் எழுதினதுல உங்க மேல தப்பு இல்லைன்னுதான் இருந்துச்சு. அதை வாசிக்கலை."

"எழுதினீங்க, வாசிக்கலை. நானும்தான் ரொட்டி சுட்டேன், யாரும் வாங்கலை. ரெண்டு பேருக்கும் ஒரே கதை. என்ன, உங்களுக்குச் சம்பளம் வரும்."

"நான் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"பேசுங்க. நீங்க பேசினா ஊரே கேக்குது, நான்தான் பார்த்தேனே."

சொல்லிவிட்டு பெடலை மிதித்தார். நல்லவர்தான், ஆனால் நாக்கு அப்படி. கடையில் வேலை செய்த இரண்டு பேர் ஏற்கெனவே வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்து, கடை வாசலில் நடந்து போகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட நாலு அடி தள்ளி நின்றார்கள், ரொட்டி வாசனையிலேயே வாந்தி வந்துவிடும் என்பதுபோல. இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன், அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டுச் சாவியைக் கட்டடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிடுவேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் காலையில் ரொட்டி, சாயங்காலம் ரொட்டி. சுட்டது, வறுத்தது, பாலில் ஊறவைத்தது. அப்பா தட்டைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்ப்பார். "அக்கா, இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா, வந்து எனக்கு சீல் வைக்கச் சொல்லு."

"சாப்பிடு. தூக்கிப் போட்டா அந்த மனுஷனுக்கு அதுவும் தெரிஞ்சிடும்."

கடைசியில் கத்தரியே ஒரு வழி சொன்னார். பழைய செய்தியைத் தனியாகப் போட முடியாது. புதிதாக ஏதாவது நடந்தால் அதோடு சேர்த்துப் போடலாம்.

"பேக்கரில புதுசா என்ன நடக்கும்? ரொட்டி வேகும். நேத்தும் வெந்துச்சு," என்றாள் அத்தை.

"பிள்ளைங்களுக்கு வாந்தி எதனால வந்துச்சு? ரொட்டி இல்லைன்னா வேற ஏதோ ஒண்ணு. அதை யாராவது பேர் சொல்லி, சொந்தக் குரல்ல சொல்லட்டும். காலையில முதல் செய்தியாப் போடறேன், ரொட்டி நல்ல ரொட்டின்னு ரெண்டாவது வரியிலயே சொல்றேன். பேரும் குரலும் இல்லாம ஒரு பள்ளிக்கூடத்து மேல நான் எதையும் சொல்ல முடியாது."

நியாயமான பேச்சுதான். அத்தை அன்றிலிருந்து அந்தக் குரலைத் தேட ஆரம்பித்தாள். அவள் வேலையில் எத்தனையோ கஷ்டமான ஆட்களைப் பேச வைத்திருக்கிறாள். பல வருடமாகப் பேசாமல் இருந்த ஒரு ஓய்வுபெற்ற நீதிபதி அவளிடம்தான் முதலில் பேசினார். இப்போது அவளுக்குச் சந்தேகம் பிள்ளைகள் குடிக்கும் பள்ளித் தண்ணீர்த் தொட்டியின் மேல்; ஆனால் அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் அகப்படவில்லை.

சுகாதார அதிகாரி, "விசாரணை நடக்குது" என்றார். எப்போது முடியும் என்று கேட்டால், "அதுவும் விசாரணையில இருக்கு" என்றார். பிள்ளையை மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்த ஒரு தாய், மைக் இல்லாதபோது அரைமணி நேரம் பள்ளிக்கூடத்தைத் திட்டித் தீர்த்தாள். மைக்கை எடுத்ததும், "ரெண்டாவது பிள்ளைக்கு வர்ற வருஷம் அங்கதான் இடம் கேக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். காவலாளி, தான் வாசலை மட்டும்தான் பார்த்துக்கொள்வதாகவும், தொட்டி மாடியில் இருப்பதாகவும், மாடியைத் தான் நிமிர்ந்துகூடப் பார்த்தது இல்லை என்றும் சொன்னார்.

எங்கள் பள்ளிக்கே ஒரு நாள் வந்தாள். அலுவலக வாசலில் இருந்த பெஞ்சில், மடியில் ரெக்கார்டரோடு உட்கார்ந்திருந்தாள். நான் வருகைப் பதிவேட்டை வைக்கப் போனபோது என்னைப் பார்த்தாள், பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் யாரோ போலத் தாண்டிப் போனேன். தலைமை ஆசிரியை அவளிடம், நிர்வாகத்தைக் கேளுங்கள் என்றாராம். நிர்வாகத்தில், தலைமை ஆசிரியையைக் கேளுங்கள் என்றார்கள். அத்தை போன பிறகு தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க உங்க அத்தையாமே?"

"ஆமாம் மேடம்."

"வீட்டுல கொஞ்சம் எடுத்துச் சொல்லக்கூடாதா? பிள்ளைங்க எல்லாம் குணமாயிட்டாங்க. முடிஞ்சுபோன விஷயம். அடுத்த மாசம் உங்களை நிரந்தரமாக்குற பேச்சு கமிட்டியில வருது. நல்லபடியா முடியணும்னு நான் பார்க்கறேன்."

"சரிங்க மேடம்," என்றேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இரண்டு மொழி படித்து இரண்டிலும் "சரிங்க" சொல்லத்தான் கற்றுக்கொண்டேன் என்று அப்பா கிண்டல் செய்வது உண்டு.

தலைமை ஆசிரியை என்னிடம் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. பேக்கரிக்கு சீல் வைத்த மறுநாள் பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பெற்றோருக்கான சுற்றறிக்கையை இன்னொரு மொழியில் எழுதித் தர என்னை மட்டும் வரச் சொல்லியிருந்தார்கள். மாடிப்படித் திருப்பத்து ஜன்னலில் இருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டி நேராகத் தெரியும். இரண்டு ஆட்கள் மூடியைத் திறந்து உள்ளே இறங்கி, வாளி வாளியாகக் கறுப்புச் சேற்றை மேலே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாளியில் செத்த புறா, இறகெல்லாம் உதிர்ந்து. தலைமை ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். நிமிர்ந்தபோது ஜன்னலில் என்னைப் பார்த்தார்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது நான் இதை வீட்டில் சொல்ல ஆரம்பித்தேன். "இன்னைக்குப் பள்ளிக்கூடத் தொட்டியைக் கழுவினாங்க, அதுல ஒரு புறா..." என்றதுமே அத்தை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "என் காதுபட இதைச் சொல்லாதே. அப்பாகிட்ட சொல்லிக்கோ."

அவளுக்கு அப்படி ஒரு கண்டிப்பு. வீட்டு மனிதர்கள் சொன்னதை வைத்து அவள் செய்தி எழுதியது கிடையாது. அப்பா வேலை பார்த்த ஆலையை மூடப் போகிறார்கள் என்பது அப்பாவுக்கு ஒரு வாரம் முன்பே தெரியும். அவர் பக்கத்து அறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, அத்தை பஸ் ஏறிப் போய் ஆலை வாசலில் முன்பின் தெரியாதவர்களைக் கேட்டுக்கொண்டு வந்தாள். அப்பா கோபத்தில் குதித்தார். "பக்கத்து ரூம்ல ஒருத்தன் உயிரோட இருக்கேன்! என்னைக் கேட்டா என்ன?" அத்தை சொன்னது: "உன்னைக் கேட்டா உன் வேலைக்காகப் பேசுறேன்னு சொல்லுவாங்க. அப்புறம் அந்த ஆலையில வேலை போற மத்தவங்களுக்காக யாரு பேசறது?" தம்பிக்காக எழுதினாள் என்று அவளைச் சொல்ல ஆலைக்காரர்களால் முடியவில்லை. அப்பா மட்டும் இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை.

மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு காலை கேட்டில் பை தொங்கவில்லை. அப்பா, "அப்பாடா" என்றார். சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டார். அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போனாள். அரைக் கதவு சாத்தியிருந்ததாம். பேக்கரிக்காரர் தட்டுகளைத் துடைத்து அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாராம். அடுப்பு இன்னும் அணையவில்லை, ஞாயிற்றுக்கிழமை வரை கொஞ்சம் கொஞ்சமாக ரொட்டி போடுவதாகச் சொன்னாராம். திட்டுவார் என்று நினைத்துப் போனவளிடம், "வாங்க, உக்காருங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாராம்.

"திட்டியிருந்தா தேவலை," என்றாள் வீட்டுக்கு வந்து. "ஸ்டூலைப் போட்டு மரியாதையா உக்கார வைக்கறார்."

அன்று சாயங்காலம் நான் சாப்பாட்டு மேஜையில் விடைத்தாள்களைப் பரப்பி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தேன். அப்பா வெளியே போயிருந்தார். அத்தை வந்து எதிரில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். திரும்ப வந்து உட்கார்ந்து, பையில் இருந்து ரெக்கார்டரை எடுத்து என் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சுகாதார அதிகாரியைக் கேட்டுட்டேன், உங்க ஹெட்மிஸ்ட்ரஸைக் கேட்டுட்டேன், நிர்வாகத்தைக் கேட்டுட்டேன், பிள்ளைங்களைப் பெத்தவங்களைக் கேட்டுட்டேன், கேட்ல நிக்கிறவரைக் கேட்டுட்டேன். தொட்டியைக் கழுவினவங்களையும் தேடிப் போனேன். வேற எங்கேயோ வேலைக்குப் போயிட்டாங்களாம், எங்கேன்னு யாருக்கும் தெரியலை. இனிமே அந்தப் புறாவைத்தான் கேக்கணும்."

நான் சிரிக்கப் போனேன். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு ராத்திரி ஏதோ சொல்ல வந்தியே," என்றாள். "சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். இப்ப நானே வந்து கேக்கறேன். கத்தரிகிட்ட இது என் தம்பி பொண்ணுன்னு சொல்லித்தான் கொடுப்பேன். செய்தியிலயும் அதைச் சொல்லணும்னு கேப்பேன், மறைச்சா அப்புறம் ரெண்டு பேரும் பொய்யாயிடுவோம். உன் பேர் ரேடியோல போகும். உன் குரல் போகும். உங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கேப்பாங்க. நிரந்தரம் ஆகறது நின்னு போகலாம். போகாதுன்னு நான் சொல்ல மாட்டேன், எனக்கே தெரியாது."

"அத்தை, நான் ரேடியோல எல்லாம்..."

"ரேடியோல பேச வேணாம். என்கிட்ட பேசு. உன் கண்ணால என்ன பார்த்தியோ அது மட்டும். நினைச்சது வேணாம், கேள்விப்பட்டது வேணாம். தொட்டியைத் திறந்தாங்க, என்ன வெளிய வந்துச்சு, பக்கத்துல யாரு நின்னா. அவ்வளவுதான். குரல் நடுங்கினா நடுங்கட்டும், அதை நான் வெட்ட மாட்டேன்."

ரெக்கார்டரைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தாள், திரும்ப என் பக்கம் தள்ளினாள். இத்தனை வருடம் யார் யார் முன்னாலோ அதை நீட்டியவள், என் முன்னால் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு இப்பவே சொல்லிடு. நான் கோபப்பட மாட்டேன், அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா யோசிச்சுச் சொல்றேன்னு மட்டும் சொல்லாதேம்மா. இந்த மாசம் பூரா எல்லாரும் அதையேதான் சொல்லிட்டாங்க."